கழிவு போக

இப்போதெல்லாம் பயத்தங்காய் வாங்கினால் உதறவிடுவதில்லை. சாலைக் கடைத்தெருவில் நான் வழக்கமாக வாங்கும் பெண், வாளித் தண்ணீரில் கிடக்கும் கட்டை எடுத்து நன்றாக உதறிவிட்டுத்தான் தட்டில் வைப்பாள். நல்ல பழக்கம்தான். ஆனால் நான் "உதறாதே, தண்ணியோட நிறு" என்பேன். ஒரு நாள் பக்கத்துக் கடைக்காரியிடம் "அண்ணாச்சிக்கு வட்டாணு" என்று அவள் சொன்னது காதில் விழுந்தது. கிறுக்கு என்கிறாள். சொல்லிவிட்டுப் போகட்டும். தண்ணீருக்கும் எடை உண்டு என்பதை ஐம்பத்து மூன்று வயதில்தான் தெரிந்துகொண்டேன், அதுவும் ஒரு ஆளைப் பறிகொடுத்து.

எங்களுக்குப் பூர்வீகம் நாஞ்சில் நாடு. மூன்று தலைமுறையாகத் திருவனந்தபுரத்தில் காய்கறி மொத்த வியாபாரம். நாகர்கோவில் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து காலையில் லாரி வரும். காயை வாய்க்காலில் அலசி, ஈரச் சாக்கில் கட்டி அனுப்பியிருப்பார்கள். தராசு நாற்பத்து மூன்று கிலோ காட்டினால் நாங்கள் நாற்பது என்று எழுதுவோம். சாக்குக்கும் ஈரத்துக்குமாக மூன்று கிலோவைத் தள்ளிவிடுவோம். அதற்குக் கழிவு என்று பெயர். வாங்குகிறவன் தண்ணீரையும் சாக்கையுமா சமைக்கப்போகிறான்? கழிவு போடாதவனைக் களவாணி என்பார்கள். எங்கள் கடை கழிவு போடும் கடை. அந்த ஜம்பம் வீட்டில் எல்லோருக்கும் உண்டு, எனக்குக் கொஞ்சம் கூடுதல்.

கடையை ஏன் மூடினோம் என்பது வேறு கதை. மூடிய பிறகு விமான நிலையத்துச் சரக்குக் கொட்டகையில், காய்கறி ஏற்றுமதி செய்யும் ஒரு சின்னக் கம்பெனியில் எனக்கு எடை எழுதும் வேலை கிடைத்தது. வாரம் இரண்டு நாள் மாலத்தீவுக்குச் சரக்கு போகும். அதை எடுத்துப்போக ஒரு கிழட்டு விமானம் வரும். இறக்கைக்கு ஒரு பங்காவாக இரண்டு பங்கா சுற்றுகிற பழைய ரகம். அது கிளம்பும்போது கொட்டகைத் தகரமெல்லாம் ஆடும். வெண்டை, புடலை, பாவக்காய், பயத்தங்காய் என்று நூறு மூட்டைக்கு மேல் ஏற்றுவோம்.

கம்பெனியில் இருந்தது மின்தராசு. சிவப்பு எழுத்தில் நாற்பத்து மூன்று என்று காட்டும். நான் நாற்பது என்று எழுதுவேன். பதினோரு வருஷம் அப்படித்தான் எழுதினேன். எடை குறைகிறது என்று மாலத்தீவுக் கடைக்காரன் ஒருவன்கூட ஒரு நாளும் சொன்னதில்லை. எடை எழுதும் சிட்டைக்கு இரண்டு நகல். ஒன்று சரக்கோடு வாங்குகிறவனுக்குப் போகும். மற்றது விமானிக்கு. வாங்குகிறவன் வேறு, சுமக்கிறவன் வேறு என்று எனக்குத் தோன்றவே இல்லை.

கேப்டன் கொல்லத்துக்காரர். ஓய்வு பெற இரண்டு வருஷம்தான் பாக்கி. ஒவ்வொரு தடவையும் சிட்டையை வாங்கும்போது, "அண்ணாச்சி, வெயிட் கரெக்டல்லே?" என்று கேட்பார். இந்த ஊரில் கடை வைத்த தமிழன் எல்லாம் அண்ணாச்சிதான், கடை போன பிறகும் பட்டம் போகாது. "ஒரு கிராம் மாறாது சார்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பேன். மனதார நம்பித்தான் சொன்னேன். அதுதான் என்னை இன்றைக்கும் சாப்பிடவிடாமல் செய்கிறது. பொய் சொல்லி மாட்டியிருந்தால்கூட இத்தனை பாரம் இருந்திருக்காது.

விமானத்தோடு கூடவே ஒரு மெக்கானிக் வருவான். தூத்துக்குடிப் பக்கம், நாற்பது தாண்டியவன். வந்து இறங்கியதும் இன்ஜினைத் தடவிப் பார்த்துவிட்டு, நேரே என் மேசைக்கு வந்து என் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறந்துவிடுவான். "இன்னைக்கு மதினி என்ன குடுத்து விட்டிருக்காவ?" என் பெண்டாட்டியை அவன் பார்த்ததே கிடையாது, ஆனால் மதினி. அவளும் அவனுக்கென்று புளிக்குழம்பு கூடுதலாக வைக்கத் தொடங்கினாள். எனக்கு யாரோடும் அவ்வளவு சீக்கிரம் ஒட்டாது, கோபம் மூக்கு நுனியில் நிற்கிற ஆள். அவனோடு ஒட்டியது.

மூட்டைகளை விமானத்துக்குள் எங்கே அடுக்குவது என்பது அவன் பொறுப்பு. ஆள் பற்றாத நாளில் அவனே தூக்கவும் செய்வான். முதுகு வலிக்கு இடுப்பில் ஒரு அகலப் பட்டை கட்டிக்கொள்வான். அதைக் கொட்டகையில் என் மேசை இழுப்பறையிலேயே வைத்திருந்தான். வந்தால் எடுத்துக் கட்டுவான், ஏற்றி முடித்ததும் கழற்றித் திரும்ப வைப்பான்.

ஒரு மதியம் சாப்பிட்டுக்கொண்டே கேட்டேன். "ஏம்பா, ரெண்டுல ஒரு இன்ஜின் நின்னுட்டா என்ன செய்வீங்க?"

"மத்தது இருக்குல்லா அண்ணாச்சி. மேல ஏத்தாது. ஆனா கீழ விடாமப் புடிச்சுக்கிட்டுக் கொண்டுவந்து சேத்துரும். வெயிட்டு சரியா இருக்கணும், அம்புட்டுதான்." வாயில் சோற்றோடு சொன்னான். பிறகு விரலை நக்கிக்கொண்டே, "உங்க மூட்டையத் தூக்கும்போது கை சொல்ற வெயிட்டு வேற, சிட்டை சொல்றது வேறல்லா இருக்கு?" என்றான்.

எனக்குச் சுருக்கென்றது. "எங்க குடும்பம் மூணு தலைமுறையாத் தராசு புடிச்ச குடும்பம். ஸ்குரூ முடுக்குறவன் எனக்கு எடை சொல்லித்தர வேண்டாம்" என்று கத்தினேன். லோடிங்காரர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அவன் சிரித்துவிட்டு, "சரி சரி, எனக்குத்தான் வயசாயிட்டு போல" என்று குழம்புப் பாத்திரத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். அதன் பிறகு அவன் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. எடுக்கவிடாமல் செய்தது என் வாய்தான்.

அந்த நாளுக்கு வருகிறேன். காலை பத்து மணிக்கு வர வேண்டிய விமானம் மதியம் ஒரு மணி தாண்டித்தான் வந்தது. வந்ததும் இடது இன்ஜினில் எண்ணெய்க் கசிவு என்று மெக்கானிக் ஏணி போட்டு ஏறிவிட்டான். ஏழு மணிக்கே எடை போட்டுச் சீட்டுக் கட்டி வைத்த மூட்டைகள் தகரக் கூரைக்கடியில் வெந்துகொண்டிருந்தன. வெயிலென்றால் அப்படி ஒரு வெயில். வெண்டை வாடிப்போனால் அங்கே குப்பையில்தான் கொட்டுவார்கள். நான்தான் குழாயைப் பிடித்து மூட்டைகளின் மேல் அடிக்கச் சொன்னேன். பத்து மணிக்கு ஒரு தடவை, பன்னிரண்டுக்கு ஒரு தடவை, இரண்டரைக்கு ஒரு தடவை. சாக்கு குடித்தது, காயும் குடித்தது. அது எங்கள் கடையில் தினமும் செய்கிற வேலைதான். ஈரத்தைத்தான் ஏற்கெனவே தள்ளியாயிற்றே, மறுபடி எதற்கு நிறுக்க?

மூன்றரைக்கு ஏற்றி முடித்தார்கள். மெக்கானிக்கும் தூக்கினான். அவனுக்கு அன்றைக்குச் சாப்பிடக்கூட நேரமில்லை. இடுப்புப் பட்டையைக் கழற்றி இழுப்பறையில் போட்டுவிட்டு, "மதினிகிட்டச் சொல்லுங்க, வியாழக்கெழம சேத்துத் திங்கேன்னு" என்றான். கேப்டன் சிட்டையை வாங்கிக்கொண்டு வழக்கமான கேள்வியைக் கேட்டார். நான் வழக்கமான பதிலைச் சொன்னேன். விமானம் கடல் பக்கமாகக் கிளம்பிப் போனது. எழும்ப ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டது என்று இன்றைக்குத் தோன்றுகிறது. அன்றைக்கு நான் பார்க்கவில்லை, பாத்திரத்தைக் கழுவிக்கொண்டிருந்தேன்.

கால் மணி நேரம் ஆகியிருக்கும். மேசையிலிருந்த போன் அடித்தது. டவரிலிருந்து பேசினார்கள்.

"கார்கோ அல்லே? கேப்டன் சோதிக்குன்னு. லெஃப்ட் இன்ஜின் போயி. திரிச்சு வருன்னு, பக்ஷே ஹைட் நிக்குன்னில்லா. லோடு சிட்டையில் உள்ளது தன்னே அல்லே? பட்டென்னு பற."

இடது இன்ஜின் நின்றுவிட்டது, திரும்பி வந்துகொண்டிருக்கிறார்கள், ஆனால் உயரம் நிற்காமல் இறங்குகிறது, சிட்டையில் உள்ளதுதான் உண்மையான சுமையா என்று கேட்கிறார். பதில் யோசிக்காமலே வந்தது.

"சிட்டையில உள்ளதுதான் சார். ஒரு கிராம் மாறாது."

போனை வைத்தேன். கொஞ்சம் ரோஷமாகக்கூட இருந்தது, சொன்னால் நம்பமாட்டீர்கள். இன்ஜின் நின்றால் என் எடையையா சந்தேகப்படுகிறார்கள் என்று முணுமுணுத்தேன். லோடிங்காரர்கள் வாசலில் நின்று வானத்தைப் பார்த்தார்கள். நானும் எழுந்து போனேன். அப்போதுதான் தரையைப் பார்த்தேன். கொட்டகையிலிருந்து விமானம் நின்ற இடம் வரைக்கும் தள்ளுவண்டி போன வழியெல்லாம் தண்ணீர்க் கோடு. அத்தனை வெயிலிலும் காயாமல் கிடந்தது.

மூட்டைக்கு மூன்று கிலோ கழிவு. அதற்கு மேல் இன்றைக்குக் குடித்தது இன்னொரு மூன்று கிலோவாவது இருக்கும். நூறு மூட்டை. அறுநூறு கிலோ. மனக்கணக்கு எனக்கு எப்போதும் சட்டென்று வரும்.

திரும்பி மேசைக்குப் போனேன். போன் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. நான் எடுக்கவில்லை. பதினோரு வருஷத்துச் சிட்டையும் பொய்யா என்று கேட்பார்களே, மெக்கானிக்கிடம் அத்தனை பேர் முன்னால் கத்தினேனே, இப்போது என்ன முகத்தோடு சொல்வது என்று நின்றேன். ஒருவேளை சமாளித்து வந்துவிடுவார்கள் என்று நினைத்தேன். பிள்ளையாருக்குத் தேங்காய்கூட நேர்ந்துகொண்டேன். தேங்காய் நேர்ந்துகொள்ள நேரம் இருந்தது, போனை எடுக்க நேரமில்லை. இரண்டு அழைப்புக்கும் நடுவே ஏழு நிமிஷம் என்று பிறகு டவர்ப் பதிவைப் பார்த்துச் சொன்னார்கள். புரிந்துகொள்ள இரண்டு நிமிஷம், லைன் கிடைக்க ஒரு நிமிஷம். பாக்கி நான்கு நிமிஷமும் வெட்கத்துக்குப் போயிற்று. இதை விசாரணையில் யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. இங்கேதான் முதல் தடவையாகச் சொல்கிறேன்.

கடைசியில் எடுத்தேன். "சார், எடை கூடுதல். அறுநூறு கிலோ கூடுதல் இருக்கும்."

"அறுநூறோ?" என்றது அந்தக் குரல். போனை வைக்காமலே அவர் ரேடியோவில் அதைச் சொல்வது எனக்குக் கேட்டது.

வெளியே ஓடினேன். சங்குமுகம் பக்கத்துக் கடல் மேலே விமானம் தெரிந்தது. ஒரு பங்கா அசையாமல் நின்றது. அவ்வளவு தாழ்வாக ஒரு விமானத்தை நான் அந்தப் பக்கம் பார்த்ததில்லை. பக்கவாட்டுக் கதவு திறந்திருந்தது. அதிலிருந்து கறுப்பாக ஒன்று விழுந்தது. இன்னொன்று விழுந்தது. என் மூட்டைகள்தான். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. "தள்ளு, தள்ளு" என்று கத்தினேன். லோடிங்காரர்களும் கூடக் கத்தினார்கள். ஒன்பது மூட்டை எண்ணினேன். பத்தாவது வரவில்லை. விமானம் கரைக்கு அரைக் கிலோமீட்டர் இருக்கும்போதே தண்ணீரைத் தொட்டது. ஒரு வெள்ளைச் சுவர் எழும்பி அடங்கியது. சத்தம் கொஞ்சம் தாமதமாகத்தான் வந்து சேர்ந்தது.

வலியதுறை மீனவர்கள் வள்ளத்தில் போய்விட்டார்கள், யாரும் கூப்பிட வேண்டியிருக்கவில்லை. கேப்டனையும் கூட ஓட்டிய இளைய விமானியையும் உயிரோடு கொண்டுவந்தார்கள். மெக்கானிக்கை மறுநாள் மதியம்தான் கடல் கொடுத்தது. இரண்டு நாள் சங்குமுகம் கரையெங்கும் புடலையும் வெண்டையும் ஒதுங்கிக் கிடந்தன. ஒரு சாக்கு அப்படியே ஒதுங்கியிருந்தது. சீட்டில் மை கரையாமல் என் கையெழுத்து: நாற்பது கிலோ.

நான்காம் நாள் கேப்டனைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போனேன். தோள்பட்டை முறிந்து கட்டுப்போட்டுக் கிடந்தார். காலைத் தொட்டுக் கும்பிடுவதா, ஓடிவிடுவதா என்று தெரியாமல் நின்றேன். அவர்தான் பேசினார்.

"அண்ணாச்சி, ரெண்டு போனும் நீங்க தன்னே அல்லே?"

"ஆமா சார்."

"முதல் போன் வந்தப்போ, வெயிட் கரெக்டாணெங்கில் கரைக்கு எத்தும்னு ஞான் நெனச்சு. அவனைச் சீட்டில் உக்காந்து பெல்ட் போடச் சொன்னு. அவன் போட்டு. ரெண்டாமத்த போன் வந்தப்போ ஞான்தன்னே அவனைப் போய் மூட்டை தள்ளச் சொன்னு. அவன் பெல்ட்டை ஊரி எழுந்து போயி. ஏழு மினிட்டு முன்னே பறஞ்ஞிருந்தா, மூட்டை எல்லாம் போயிருக்கும், விமானம் கரைக்கு எத்தியிருக்கும். ரெண்டாமது பறயாமலே இருந்திருந்தா அவன் பெல்ட்டோட இருந்திருப்பான், ஞங்களைப் போல."

அவர் குற்றம் சொல்லவில்லை. விமானம் ஓட்டுகிறவர் இல்லையா, மனதுக்குள் இன்னொரு தடவை ஓட்டிப் பார்த்திருப்பார், அவ்வளவுதான். நான் மெக்கானிக்கைப் பொய்யாலும் கொன்றேன், உண்மையாலும் கொன்றேன். வராந்தாவில் உட்கார்ந்து அழுதேன். ஒரு நர்ஸ் வந்து எந்த பேஷண்டின் ஆள் என்று கேட்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு படியிறங்கினேன்.

விசாரணைக்கு முன்னால் மேனேஜர் என்னை அறைக்குள் கூப்பிட்டார். "இன்ஜின் நின்னது மெக்கானிக் பார்த்த வேலை. அதோட முடியும். நீங்க எதுக்கு எடையை இழுக்கீங்க?" என்றார். போன கோபமெல்லாம் எனக்குத் திரும்பி வந்தது. "செத்தவன் தலையில கட்டுறதுக்கு எங்கிட்டக் கையெழுத்து வாங்காதீங்க" என்று கதவை அறைந்துவிட்டு வந்தேன். விசாரணை அதிகாரியிடம் கழிவை விளக்கினேன். அவர் பேனாவை வைத்துவிட்டு, "குறைச்சு எழுதினா உங்களுக்கு என்ன லாபம்?" என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன். "பின்னே எதுக்கு?" என்றார். நேர்மைக்கு என்று சொல்ல வாய் வரவில்லை. லாபமில்லாமல் ஒருவன் பதினோரு வருஷம் தப்பாக எழுதினான் என்பதை அவரால் கடைசி வரை நம்ப முடியவில்லை. வேலை போயிற்று. அது எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை.

இழுப்பறையைக் காலி செய்யும்போது அந்த இடுப்புப் பட்டை கிடைத்தது. அவன் வீட்டுக்குச் சொல்லியனுப்பினேன். இரண்டு மாதம் கழித்து அவன் மனைவி தன் அண்ணனோடு, கம்பெனியில் ஏதோ கையெழுத்துப் போட வந்தவள், வலியசாலையில் எங்கள் வீட்டுக்கும் வந்தாள். காலை பதினொரு மணி இருக்கும். சின்ன உருவம். என் பெண்டாட்டியைக் கண்டதும், "நீங்கதானா மதினி?" என்றாள். இருவரும் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

பட்டையை ஒரு துணிப்பையில் போட்டு வைத்திருந்தேன். அவள் அதை வெளியே எடுத்து மடியில் வைத்துத் தடவினாள். வேர்வை ஊறிக் கறுத்த பட்டை.

"அண்ணைக்கு இதப் போடாமயா தள்ளுனாக?" என்றாள்.

"ஏத்தி முடிச்சுட்டுக் கழத்தி வச்சாரும்மா. திரும்பத் தூக்க வேண்டியிருக்கும்னு நெனச்சிருக்க மாட்டாரு."

அவள் தலையாட்டினாள். ஊரில் பேப்பரில் வந்தது, அறிக்கை இன்னும் வரவில்லை என்பது, பெரியவள் பத்தாவது படிக்கிறாள் என்பது எல்லாம் அவள் அண்ணன்தான் சொன்னார். என்னைப் பற்றி அவர்களுக்கு எவ்வளவு தெரியும் என்பது எனக்கு விளங்கவில்லை. காப்பி வந்தது. அவள் குடிக்கவில்லை. பட்டையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"அண்ணாச்சி, ஒண்ணு கேக்கணும். நாப்பது கிலோ மூட்டைதான், ஆனா தூக்கிட்டு வந்தா முதுகு விட்டுப்போயிருதுன்னு சொல்லுவாக. ராத்திரி நான்தான் தைலம் தேச்சு விடுவேன். நாப்பது கிலோவுக்கா இந்தப் பாடு, ஒங்களுக்கு வயசாயிட்டுன்னு கேலி பண்ணுவேன். அவுகளும் ஆமான்னு சிரிச்சுக்கிடுவாக." நிமிர்ந்து பார்த்தாள். "அந்த மூட்டை நாப்பது கிலோதானா?"

கேப்டனும் டவரும் கேட்ட அதே கேள்விதான். என் பெண்டாட்டி அடுக்களை வாசலில் நின்று என்னையே பார்த்தாள்.

"இல்லம்மா. எப்பவும் நாப்பத்தி மூணு. அண்ணைக்கு நாப்பத்தாறு. நான்தான் கொறச்சு எழுதுனேன்."

அவள் அண்ணன் காப்பி டம்ளரைக் கீழே வைத்தார். அவள் என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூடத் தோன்றியது. அவள் பட்டையை நீளவாக்கில் மடித்து, சுருட்டி, துணிப்பையில் வைத்தாள். பையின் வாயை இரண்டு முடிச்சுப் போட்டுக் கட்டினாள்.

"அப்ப அவுகளுக்கு வயசாகல" என்றாள்.